போனக்காட்டுப் பிள்ளைகள்: அன்றும் இன்றும்

கவாத்து வெட்டாமல் விட்ட தேயிலை மரமாகிவிடும். போனக்காட்டுக்குப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால், அகத்தியர்கூடச் சிகரத்தின் கேரளச் சரிவில் இருக்கிறது இந்தத் தோட்டம். கத்தி பட்டுக்கொண்டிருக்கும்வரை தேயிலை இடுப்பளவில் நிற்கும். கொழுந்து எடுக்கும் பெண்ணின் இடுப்புயரம்தான் அவள் பின்னால் வரும் ஐந்து வயதுப் பிள்ளையின் தலையுயரம். அந்தப் பிள்ளைக்குத் தோட்டம் என்பது கண்ணுக்கு நேரே விரியும் பச்சைப் பரப்பு. இன்று பல பகுதிகளில் அந்தச் செடிகள் ஆளுயரம் தாண்டிப் போய்விட்டன. கிளை பிரிந்து, பூத்து, காய்த்து, கொடி படர்ந்து நிற்கின்றன. அடியில் காட்டு மரங்களின் கன்றுகள் முளைத்திருக்கின்றன. காடு தன் இடத்தை மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் நின்று உயரம் பார்க்கத்தான் பிள்ளைகள் இல்லை.

பிரிட்டிஷார் காலத்தில் காட்டைத் திருத்தி உண்டாக்கிய தோட்டம் இது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலையேறி வந்து, லயம் எனப்படும் வரிசை வீடுகளில் ஓர் அறையும் அடுக்களையும் பெற்று, தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். கங்காணி, கொழுந்து, நிறை, கவாத்து என்று வேலையின் சொற்கள் எல்லாம் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் புழங்கும் அதே சொற்கள். லயத்தின் கடைசி வீடு முடிகிற இடத்தில் வேலி என்று எதுவும் கிடையாது. தேயிலை முடிந்தால் காடு.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அந்தக் குழந்தைகளைப் பற்றிச் சில வரிகள் சொன்னது. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும். 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், படிப்பு வசதி செய்துதர நிர்வாகத்துக்கு மாநில அரசு உத்தரவிடலாம். 12 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. அதாவது, 12 வயது நிறைந்தால் வைக்கலாம் என்ற காலம் அது. இந்த எண்களுக்கு நடுவே ஒரு குழந்தைப் பருவம் இருக்கிறது. காப்பகத்திலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து கூடை. அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் மலை அந்தப் பிள்ளைகளுக்குள் இறங்கியது.

எப்படி இறங்கியது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கவாத்துக்குத் தப்பிய ஓரச்செடிகளில் தேயிலை காய்க்கும். முற்றிய காய் மூன்றாக வெடித்தால் உள்ளே கோலிக்குண்டு அளவில் பழுப்பு விதைகள் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கிடைத்த விளையாட்டுச் சாமான் அவை. எந்தச் செடியில் காய் இருக்கிறது, எந்த மாதம் வெடிக்கும் என்பது விளையாடுகிறவனுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆகவே தெரிந்தது. யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மழைக்காலத்தில் அட்டை. காலில் ஏறி, கடித்த இடம் தெரியாமல் குடித்து, தொட்டால் வழுக்கும். முதல் தடவை குழந்தை அலறும். அம்மாவோ பாட்டியோ அதைப் பிய்த்து எறிய மாட்டார்கள். பிய்த்தால் கடிவாய் புண்ணாகும். மடியில் முடிந்து வைத்த உப்பையோ வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பையோ ஒரு சிட்டிகை வைப்பார்கள். அட்டை தானே விழும். நாலைந்து மழைக்குப் பிறகு குழந்தை அலறாது, தானே குனிந்து பார்த்து எடுக்கும். அருவருப்பு பழக்கமாகி, பழக்கம் ஒருவிதப் பொறுமையாகும் இந்தப் பாதையைத்தான் நான் இயற்கையோடு ஏற்படும் ஒட்டுதல் என்று சொல்வேன். மலையைப் பார்த்து வியப்பது அதன் ஒரு சிறு பங்குதான்.

விடிவதற்கு முன் ஓடைக்கரையில் சீகாரப்பூங்குருவி கத்தும். மனிதர் வாயால் சீட்டியடிப்பதைப் போலவே இருக்கும் அந்தக் குரல். மலையாளத்தில் அதைச் சூளக்காக்கா என்பார்கள். கருநீலப் பறவையை இருட்டில் பார்க்க முடியாது. அம்மா அடுப்பு மூட்டும் நேரமும் அந்தச் சீட்டியும் ஒன்றாகவே பிள்ளையின் காதில் விழும். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் அடுக்களைப் புகையும் வெந்நீரும் நினைவுக்கு வரும். குழந்தைக்கு இயற்கை வேறு, வீடு வேறு என்ற பிரிவினை இல்லாதபோதுதான் இத்தகைய முடிச்சு விழும். குழந்தைகள் கல்லுக்கும் நிலவுக்கும் உயிர் உண்டென்று நம்புகிறார்கள் என்பதை ஷான் பியாஜே 1920களிலேயே விரிவாக எழுதினார். அந்த நம்பிக்கை கரைவதற்கு முன் பழகியவற்றோடு ஏற்படும் உறவு, பிறகு படித்துத் தெரிந்துகொள்ளும் எதனோடும் ஏற்படுவதில்லை.

பயமும் அந்த உறவில் சேர்த்திதான். மூங்கில் முறியும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்த வேண்டும், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்க்க வேண்டும், யானை வாடை அடித்தால் வந்த வழியே திரும்ப வேண்டும் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. காட்டுமாடு நிற்கும் பாதையில் போகாமல் சுற்றிப் போகத் தெரிந்திருந்தது. மரியாதை என்று பெரியவர்கள் பிற்பாடு பெயர் வைக்கும் குணம் அங்கே இப்படி, உயிருக்கு அஞ்சித் தொடங்கியது.

இன்னொன்றும் இருந்தது: பக்கத்தில் ஒரு பெரியவர். ரேச்சல் கார்சன் தன் சகோதரி மகளின் சிறு மகனை அமெரிக்காவின் மெய்ன் கடற்கரைக்கும் காட்டுக்கும் கூட்டிப்போன அனுபவத்திலிருந்து 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1965இல் அது புத்தகமாயிற்று. குழந்தையின் வியப்பைப் பகிர்ந்துகொள்ள ஒரு பெரியவராவது உடனிருக்க வேண்டும், பெயர்களும் தகவல்களும் அதற்குப் பிறகு வந்தால் போதும் என்பது அதன் சாரம். போனக்காட்டில் அந்தப் பெரியவர் வேலை ஓய்ந்து லயத்தில் இருந்த பாட்டியாக இருந்தார். விறகு பொறுக்கவும் கீரை பறிக்கவும் பிள்ளையைக் கூட்டிப்போனார். அக்கம்பக்கத்துக் காட்டில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரிடம் இன்னும் ஆழமான அறிவு இருந்தது. 1987இல் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்றபடி களைக்காமல் நடப்பதைக் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடி உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து மருந்து ஒன்றை உருவாக்கி, கிடைத்த வருமானத்தில் பாதியைக் காணிகளுக்குக் கொடுத்தது. காட்டில் நடக்கும்போது போகிற போக்கில் ஒரு காயைப் பறித்து வாயில் போடுவது யாருக்கும் நாற்பது வயதில் வரும் பழக்கமல்ல.

இனி, இன்று.

1990களுக்குப் பிறகு தோட்டம் தளர்ந்தது. கூலி பாக்கி விழுந்தது, பணிக்கொடை வராமல் நின்றது, தொழிற்சாலை ஓய்ந்தது. லயங்களின் கூரை ஒழுகியது. போக இடமிருந்தவர்கள் விதுராவுக்கும் நெடுமங்காட்டுக்கும் நகரத்துக்கும் இறங்கினார்கள். சில குடும்பங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. போக இடமில்லை என்பது ஒரு காரணம், போக மனமில்லை என்பது இன்னொரு காரணம். கேரளம் முழுவதுமே இந்தக் காலத்தில் ஊரிலிருந்து நகரத்துக்கு மாறியது. 2001 கணக்கெடுப்பில் மாநிலத்தின் நகர மக்கள் 26 விழுக்காடு. 2011இல் கிட்டத்தட்ட 48 விழுக்காடு.

இதைச் சொல்லும்போது பழைய காலத்தைப் பொன்னாக்கிவிடக் கூடாது. அந்தப் பிள்ளைகள் மலையோடு ஒட்டியதற்குக் காரணம், அவர்களுக்கு வேறு எதுவும் கிடைக்காததுதான். தாய் நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்து எடுத்தாள். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் மலையிறங்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதில் படிப்பு நின்றது. இன்று நெடுமங்காட்டில் வளரும் பேரப்பிள்ளை கல்லூரிக்குப் போகிறது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, யானைக்குப் பயந்து இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை. இவை பெரிய லாபங்கள். லயத்து வாழ்க்கை திரும்பி வர வேண்டும் என்று அங்கே வாழ்ந்தவர் எவரும் கேட்க மாட்டார். நானும் கேட்கவில்லை.

ஆனால் கஷ்டத்தோடு சேர்த்து இன்னொன்றும் போய்விட்டது. அதற்குக் கணக்கு வைக்க யாரும் இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறையை 2007இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டு வயதில் தனியாக எவ்வளவு தூரம் போக அனுமதி இருந்தது என்பதுதான் கேள்வி. கொள்ளுத் தாத்தா மீன் பிடிக்க 6 மைல் நடந்தார். தாத்தா 1 மைல் தள்ளியிருந்த காட்டுக்குப் போனார். தாய் அரை மைலில் இருந்த நீச்சல் குளத்துக்குப் போனாள். மகனுக்குத் தெருக்கோடி வரை, 300 கெஜம். போனக்காட்டிலிருந்து இறங்கிய குடும்பங்களில் இந்தச் சுருக்கம் நான்கு தலைமுறை எடுத்துக்கொள்ளவில்லை. தாய்க்கு மலை முழுவதும் இருந்தது. பிள்ளைக்கு வாடகை வீட்டின் வாசல்படி இருக்கிறது.

இந்தக் குறைவுக்கு ராபர்ட் மைக்கேல் பைல் என்ற அமெரிக்க இயற்கை எழுத்தாளர் அனுபவத்தின் அழிவு என்று பெயர் கொடுத்தார். கண்ணெதிரே இருக்கும் சாதாரணப் பறவையும் செடியும் போய்விட்டால், தூரத்தில் அழியும் அரிய உயிரைப் பற்றிக் கவலைப்பட மனம் எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. 2006இல் நான்சி வெல்ஸ், கிறிஸ்டி லெக்கீஸ் என்ற இருவர் அமெரிக்க நகரங்களில் 2,000 பெரியவர்களிடம் அவர்களுடைய சிறு வயதைக் கேட்டு ஆராய்ந்தார்கள். 11 வயதுக்கு முன் காட்டில் அலைந்தவர்கள், முகாமிட்டவர்கள், மீன் பிடித்தவர்களிடம் வளர்ந்த பிறகும் சூழல் மீது அக்கறை கூடுதலாக இருந்தது. செடி நட்டதும் பூப்பறித்ததும்கூட உதவின. அலைந்து திரிந்தது அதிகம் உதவியது. டேவிட் சோபெல் என்ற கல்வியாளர் வயதையும் பிரித்துச் சொல்கிறார். 4 முதல் 7 வரை விலங்குகளோடும் செடிகளோடும் பரிவு, 8 முதல் 11 வரை சுற்றித் திரிதல், அதற்குப் பிறகுதான் காப்பாற்ற வேண்டும் என்ற செயல். அழியும் காடுகளின் துயரத்தைச் சின்னக் குழந்தையின் தலையில் ஏற்றினால் அது விலகி ஓடும் என்பது அவர் எச்சரிக்கை.

நாம் பெரும்பாலும் வரிசையை மாற்றிவிட்டோம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2003இல் அதை நடைமுறைப்படுத்த மீண்டும் உத்தரவிட்டது. அது நல்ல தீர்ப்பு, வேண்டிய தீர்ப்பு. அதனால் இன்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஓசோன் தெரியும், பிளாஸ்டிக்கின் தீங்கு தெரியும், புலிகளின் எண்ணிக்கை தெரியும். போனக்காட்டின் அன்றைய பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. ஆனால் இன்றைய பிள்ளை ஒரு செடியின் பக்கத்தில் ஒரு மாதம் தொடர்ந்து உட்கார்ந்ததில்லை. அறிவு கூடியது, பழக்கம் போனது. கேரளத்தில் இதை முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் 1970இல் குழந்தைகளுக்காகவே யுரேகா என்ற அறிவியல் இதழைத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு நடத்திய முகாம்களில் வெளியே போய்ப் பார்க்கவும் தொடவும் சொல்லிக் கொடுத்தார்கள்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். கரமனை ஆறு இந்த மலைகளில்தான் பிறக்கிறது. அதன் குறுக்கே பேப்பாறை அணை 1983இல் எழுந்தது. அங்கிருந்து அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் போகிறது. அதே 1983இல் அணையைச் சுற்றி 53 சதுர கிலோமீட்டர் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. லயத்துப் பிள்ளை ஓடையில் கைகுழித்துக் குடித்த தண்ணீரை நகரத்துப் பிள்ளை குழாயில் பிடித்துக் குடிக்கிறது. முதல் பிள்ளைக்கு எந்தப் பாறைக்கு அருகே தண்ணீர் குளிர்ச்சி, எந்த நாளில் கலங்கும் என்று தெரியும். இரண்டாம் பிள்ளையிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மொட்டைமாடித் தொட்டியைக் காட்டும். குழந்தையின் மேல் குற்றமில்லை. காட்டிக் கொடுக்க ஒருவரும் இல்லை.

காடு இதற்கிடையே சட்டத்தில் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2001இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் உருவாயிற்று. கேரளமும் தமிழ்நாடும் பங்கிடும் அதன் பரப்பு ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர். 2016இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகங்களின் உலக வலைப்பின்னலில் சேர்த்தது. அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே மட்டும் வாழும் அசம்புச் சிரிப்பான் முதல் வரையாடு, சோலைமந்தி வரை அங்கே பாதுகாப்பு பெற்றிருக்கின்றன. பாதுகாப்பு வளர்ந்த அதே ஆண்டுகளில் அந்தக் காட்டை உடம்பால் அறிந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தே நடந்தன.

மலையின் மறுபக்கத்திலும் இதே கதை. திருநெல்வேலியின் மாஞ்சோலை, 1929இல் குத்தகைக்கு விட்ட 8,374 ஏக்கர் காட்டில் எழுந்த தோட்டங்களுள் ஒன்று. குத்தகை 2028இல் முடிய வேண்டும். 2024 ஜூனிலேயே வேலை நிறுத்தப்பட்டு, தலைமுறைகளாக இருந்தவர்கள் இறங்கச் சொல்லப்பட்டார்கள். காட்டைப் புலிகளுக்குத் திருப்பிக் கொடுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகள் சமவெளியில் எதைத் தொட்டு வளர்வார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்று போனக்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வார இறுதி இளைஞர்கள். பழைய மேலாளர் பங்களாவில் ஒரு சிறுமியின் ஆவி உலவுகிறது என்ற கதை இணையத்தில் பரவியிருக்கிறது. அதற்காகவே வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். லயத்துப் பிள்ளை அஞ்சியது யானைக்கும் விரியனுக்கும். அந்தப் பயத்துக்குள் காட்டைப் பற்றிய அறிவு இருந்தது. ஆவிக் கதையின் பயத்தில் மலையைப் பற்றிய ஒரு சொல்லும் இல்லை. மற்றவர்கள் அகத்தியர்கூடம் ஏற வருகிறார்கள். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்குப் போனக்காட்டிலிருந்துதான் நடை தொடங்குகிறது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும், மகரவிளக்கை ஒட்டிச் சிவராத்திரி வரை, முன்பதிவோடு அனுமதி. நீண்ட காலம் பெண்களுக்கு அங்கே வழியில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் அது திறந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இன்னும் அனுமதி இல்லை.

கடினமான மலை நடை அது. சிறு பிள்ளைகளைத் தடுப்பதில் தவறில்லை. ஆனால் மலைக்கும் குழந்தைக்கும் ஒட்டுதல் ஏற்படும் வயது 11க்குள் முடிந்துவிடுகிறது. போனக்காட்டின் கதவு 14இல் திறக்கிறது. ஒட்டுதல் ஏற்படும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு அந்த மலையில் இன்று ஓர் இடமும் இல்லை. ஜெர்மனி 1993இல் காட்டில் நடக்கும் மழலையர் பள்ளிக்கு முறையான அங்கீகாரம் கொடுத்தது. அங்கே பிள்ளைகள் மழையிலும் பனியிலும் அன்றாடம் மரங்களுக்கடியில்தான் இருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். சிகரம் வேண்டாம். கீழே, ஓடைக்கரையோரம், யானை வராத நேரம் பார்த்து, ஒரு கிலோமீட்டர் பாதை போதும். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள், ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலா என்றில்லாமல், அதே பிள்ளைகள் அதே பாதைக்கு மாதம் ஒருமுறை வர வேண்டும். மலைக்கு வர முடியாத ஊர்களில் பள்ளிக்கூடத்துப் புளியமரமோ ஏரிக்கரையோ அந்தப் பாதையாக இருக்கட்டும். திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவதுதான் முக்கியம். பெற்றோர் இதற்கு யாருடைய அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை.

போனக்காட்டில் அந்தப் பாதைக்கு வழிகாட்டிகளைத் தேடி அலையவும் வேண்டாம். லயத்தில் பிறந்து, தேயிலை விதையில் விளையாடி, அட்டையைச் சுண்ணாம்பால் இறக்கக் கற்ற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். காணிக்காரர்கள் இருக்கிறார்கள். வழிகாட்டி என்று பெயர் கொடுத்து, ஒழுங்காகச் சம்பளமும் கொடுத்து, கேரள வனத்துறையும் கல்வித் துறையும் அவர்களை அழைக்க வேண்டும். அந்தப் பெண்களில் பலருக்கு அறுபது தாண்டிவிட்டது. அடுத்த பள்ளியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.